மலிவான பாகங்களில் சைக்கிள் கட்டலாமா?

கேள்வி: பழைய ஃப்ரேம் ஒன்றை வைத்து நானே சைக்கிள் கட்டுகிறேன். பாகங்களை மலிவாக வாங்கினால் ஆபத்தா?

பதில்: எல்லாவற்றிலும் இல்லை. மட்கார்டு, ஸ்டாண்டு மலிவாக இருந்தால் கடகடக்கும், அவ்வளவுதான். ஆனால் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), ஹேண்டில்பார், ஸ்டெம் (ஹேண்டில்பாரை நடுவில் இறுக்கிப் பிடிக்கும் பாகம்), பிரேக், கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) இவற்றில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

பெயர் தெரியாத ஒரு அலுமினிய ஹேண்டில்பாரை ஒருமுறை மாட்டினேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள், மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது ஸ்டெம்மை ஒட்டி டக்கென்று முறிந்தது. வலது பாதி கையோடு வந்துவிட்டது! முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. முறிந்த இடத்தில் பாதி கறுத்திருந்தது, மீதி பளபளவென்று இருந்தது. விரிசல் பல நாளாகவே ஓடியிருக்கிறது. இரும்பு பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் அந்த மரியாதையெல்லாம் தராது.

அளவையும் பாருங்கள். 25.4 மி.மீ. ஹேண்டில்பாரை 26 மி.மீ. ஸ்டெம்மில் முறுக்கினால் இறுகியதுபோல்தான் இருக்கும். பிரேக் பிடித்து எடை முன்னால் சாயும்போது சுழன்றுவிடும். தகரத் துண்டு சொருகிச் சமாளிக்கலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. வேண்டாம், சரியான அளவில் ஸ்டெம் வாங்கிவிடுங்கள்.