பூஜ்யம் மில்லிமீட்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் அறிவியல் குழுவில் இயற்பியல், உயிரியல், வானியல் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. வானிலை மட்டும் இயற்பியலுக்குள் ஒரு மூலையில் கிடக்கிறது. அதற்கும் தனிப் பிரிவு கேட்கலாம் என்றிருக்கிறேன். அமைந்தால் தினமும் முன்னறிவிப்பு தர எண்ணம். பருவநிலை மாற்றத்தையும் சேர்க்கலாமா?

வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

தனிப் பிரிவு கட்டாயம் வேண்டும். பருவநிலையைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் தெருவில் கடைசியாக எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று சொல்ல முடியுமா? அது தெரியாமல் நாளைய மழையைச் சொல்லக் கிளம்பலாமா?

2023 டிசம்பர் 18 காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. பக்கத்தில் இருக்கிற திருச்செந்தூரில் 69. இரண்டு ஊரிலும் மழைமானி இருந்ததால் இந்த வித்தியாசம் தெரிகிறது. மானி இல்லாத ஊர்க்காரர்கள் வெள்ளம் வந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

கொஞ்ச நாளாக அப்பாவின் மழை நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். தாத்தா "ஓர் உழவு மழை" என்பார். அப்பாவுக்கு மில்லிமீட்டர். வானிலைத் துறை அளக்கும் அதே காலை எட்டரைக்கு அவரும் அளப்பார். சித்திரை வெயிலிலும் போய்ப் பார்த்துவிட்டு 0 என்று எழுதுவார். ஒருமுறை அவர் வெளியூர் போனபோது பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு நாள் மறந்துவிட்டேன். வானம் வெளுத்துத்தானே கிடந்தது என்று இரண்டு பூஜ்யம் போட்டு வைத்தேன். வந்தவர் கேட்டார், உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. பூஜ்யங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே "பார்க்கவில்லை" என்று எழுதினார். "பூஜ்யம்னா போய்ப் பார்த்தேன், தண்ணி இல்லைன்னு அர்த்தம். நீதான் போகவே இல்லையே" என்றார்.

உங்கள் பிரிவு முதலில் பழக வேண்டியது இதைத்தான். விட்டுப்போன நாளில் பூஜ்யம் போட்டால் மாதக் கூட்டல் பொய்யாகிவிடும். அந்தப் பொய் ஆண்டுச் சராசரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முப்பது வருடம் கழித்து யாரோ அதைப் பார்த்து இங்கே மழை குறைந்துவிட்டது என்பார். பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதைப் பேசவும் இந்த நோட்டுதான் வேண்டும்.

சரி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு மானி வாங்கிவிடுங்கள். சுவரோரம் வேண்டாம், சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி, திறந்தவெளியில் வையுங்கள். முறைவைத்து அளந்து எழுதுங்கள். முதல் மாத நோட்டை எனக்கு அனுப்புங்கள். "பார்க்கவில்லை" என்று எழுதிய நாட்களையும் அப்படியே விட்டு.