வாங்க முன் கேளுங்கோ: வாகனத்தில் பென் பாட்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு. வாகனத்துக்கென்று வாங்கின பென் ட்ரைவ் பாடவில்லை, பாடினாலும் ஒழுங்காகப் பாடவில்லை. மற்றக் கடிதங்களை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதையே எடுக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: 64 ஜிபி பென் வாங்கி வீட்டுக் கணினியில் பாட்டு ஏற்றினேன். கணினியில் பாடுகிறது. வான் வண்டியில் உள்ள பாட்டுச் செட்டில் குத்தினால் செட் வாசிக்கவே இல்லை. பென் விற்றவர் செட்டில் பிழை என்கிறார், செட் பூட்டினவர் பென்னில் பிழை என்கிறார்.
— வான் சாரதி, மாங்குளம்

பதில்: இரண்டு பேரும் உங்களை வீணாக அலைக்கழிக்கிறார்கள், அண்ணை. பென்னும் நல்லது, செட்டும் நல்லது. பென் ஃபோர்மட் ஆகி வந்த முறை, அதாவது கோப்புகளை உள்ளே அடுக்கி வைக்கிற முறைதான் பொருந்தவில்லை. 32 ஜிபி வரைக்குமான பென்கள் பெரும்பாலும் ஃபெட்32 என்ற முறையில் வரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் எக்ஸ்ஃபெட். கணினி இரண்டையும் வாசிக்கும். வாகனச் செட்டுகளில் கனக்க ஃபெட்32 ஐ மட்டும்தான் வாசிக்கும்.

பாட்டுகளைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பென்னை ஃபெட்32 க்கு மாற்றுங்கோ. விண்டோஸில் வழமையாக வருகிற ஃபோர்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்னுக்கு அந்தத் தெரிவைக் காட்டாது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் செய்து தரும். ஃபோர்மட் கொடுத்தால் உள்ளே இருக்கிறது முழுக்க அழியும். பிரதி எடுக்காமல் கை வைக்காதேங்கோ.

இனி வாங்கினால் 16 அல்லது 32 ஜிபி காணும். 128 கேபிபிஎஸ் என்ற ஒலித் தரத்தில் உள்ள எம்பி3 என்றால் 4 நிமிடப் பாட்டு ஒன்று 4 எம்பிக்குள் அடங்கும். 16 ஜிபிக்குள் ஏறக்குறைய 4000 பாட்டுப் போகும். இரவு பகலாக ஓடவிட்டாலும் முடிய 11 நாள் பிடிக்கும். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஏற்றினால் கூட 1600 பாட்டு. மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடுகிற வானுக்கு இதற்கு மேல் என்ன வேணும்?

கேள்வி: 32 ஜிபி என்று எழுதியிருக்கிற பென் கணினியில் 29.8 என்று காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?
— மாணவி, மல்லாவி

பதில்: இல்லை, தங்கச்சி. பென் செய்கிறவர்கள் 1000 ஆல் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆல் எண்ணுகிறது. 29.8 சரியான கணக்கு.

கேள்வி: பழைய காருக்குப் புதுச் செட் பூட்டினேன். ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் முதல் பாட்டில் இருந்தே தொடங்குகிறது. செட்டில் உள்ள மணிக்கூடும் பழையபடி 12 க்குப் போய்விடுகிறது. மூன்று பென் மாற்றிவிட்டேன்.
— வாசகர், பரந்தன்

பதில்: மூன்று பென்னுக்கும் கொடுத்த காசு வீண். முதல் பென்னோடேயே பூட்டினவரிடம் போயிருக்க வேணும்.

செட்டுக்குப் பின்னால் மின்சாரத்துக்கென்று மூன்று வயர் வரும். மஞ்சளுக்கு எந்த நேரமும் 12 வோல்ட் வந்துகொண்டிருக்க வேணும். மணிக்கூட்டையும் விட்ட இடத்தையும் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும் வர வேணும். கறுப்பு ஏர்த். உங்கட காரில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து முறுக்கிச் சாவி வயரில் கொடுத்திருப்பார்கள். சாவியை எடுத்ததும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். சில நிமிட வேலை, திரும்பக் காசு கேட்டால் கொடுக்காதேங்கோ.

அவர் இரண்டையும் சேர்த்து பற்றரியில் நேரே கொடுக்கப் பார்த்தால் விடாதேங்கோ. எனக்கு அப்படித்தான் பூட்டித் தந்தார்கள். பாட்டு விட்ட இடத்தில் இருந்து தொடங்குகிறது என்று நானும் சந்தோசப்பட்டேன். ஒரு விடியற்காலை அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டுச் சாவியைத் திருப்பினால், டிக் டிக் என்ற சத்தம் மட்டும். செட் இரவு இரவாக மின் இழுத்துப் பற்றரியைச் சாக்காட்டிவிட்டது. அம்மா செருப்பும் போட்டுக்கொண்டு, கொப்பியையும் கையில் வைத்தபடி படியில் இருந்தது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. பூட்டி முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கோ. செட்டின் வெளிச்சம் அணைய வேணும்.

கேள்வி: எங்கட பஸ்ஸில் காலையில் தேவாரம் பாடி, பிறகுதான் சினிமாப் பாட்டு. கணினியில் வரிசையாக அடுக்கித்தான் ஏற்றுகிறேன். பஸ்ஸில் கண்டபடி பாடுகிறது. தமிழில் எழுதின பெயர்கள் கட்டம் கட்டமாக வருகின்றன.
— நடத்துநர், துணுக்காய்

பதில்: கணினி பெயரைப் பார்த்து அடுக்கிக் காட்டுகிறது. பல செட்டுகள் பெயரைப் பார்க்கிறதே இல்லை. எது முதலில் பென்னில் பதிந்ததோ அதை முதலில் பாடும். ஒரு பாட்டை அழித்துவிட்டு இன்னொன்றை ஏற்றினால், புதியது அழிந்ததன் இடத்தில் போய்க் குந்திவிடும். அங்கேதான் வரிசை குழம்புகிறது.

பென்னை முழுக்கத் துடைத்துவிட்டுத் தேவாரங்களை ஒவ்வொன்றாக முதலில் ஏற்றுங்கோ, பிறகு மற்றது. பெயரைப் பார்த்துப் பாடுகிற செட்டுகளுக்காக முன்னால் 001, 002 என்று இலக்கம் போடுங்கோ. வெறும் 1, 2 என்று போட்டால் சில செட்டுகள் 1 முடிய 10 க்குத் தாவும். தமிழ் எழுத்து அந்தச் செட்டில் இல்லை. பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதைத் தவிர வழியில்லை. பாட்டுக்குள் பதிந்திருக்கிற பெயரையும் சேர்த்து மாற்ற வேணும்.

கேள்வி: இறக்கின பாட்டுகள் எம்4ஏ என்று இருந்தன. பெயரில் எம்பி3 என்று மாற்றி எழுதினேன். அப்படியும் பாடவில்லை.
— வாசகர், கனகராயன்குளம்

பதில்: எம்4ஏயும் எம்பி3யும் இரண்டு வேறு வகைக் கோப்பு. அரிசிச் சாக்கில் நெல் என்று எழுதினால் அது நெல்லாகாது. விஎல்சி மென்பொருளிலேயே எம்பி3 ஆக மாற்றுகிற வசதி இருக்கிறது.

கேள்வி: அப்பா கூத்து அண்ணாவியார். அவர் பாடின காத்தவராயன் கூத்துக் கசெற்றுகள் எட்டு வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி கணினியில் ஏற்றித் தந்தார். காரிலும் கேட்கலாம் என்று திருவிழாக் கடையில் 1 டிபி பென் ஒன்றை 2500 ரூபாய்க்கு வாங்கி, குடும்பப் படங்கள், கலியாண வீடியோ, கடைசியாகக் கூத்து என்று எல்லாவற்றையும் போட்டேன். இப்போது பெயர்கள் முழுக்கத் தெரிகின்றன. முதல் இரண்டு கசெற் பாடுகிறது, மற்ற ஆறும் திறக்கவே இல்லை. கணினியில் இருந்ததை அழித்தாயிற்று. அப்பா இப்போது இல்லை.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அக்கா, முதலில் அந்தப் பென்னில் இனி எதையும் ஏற்றாதேங்கோ, ஃபோர்மட் கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கோ. திறக்கிற படங்களையும் வீடியோவையும் அந்த இரண்டு கசெற்றையும் இன்றைக்கே கணினிக்கு எடுத்து, வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கோ. மற்ற ஆறையும் பென்னில் இருந்து மீட்டுத் தருகிறேன் என்று யாரும் காசு கேட்டால் கொடுக்காதேங்கோ. அவை அந்தப் பென்னுக்குள் ஒருநாளும் பதியவில்லை. இல்லாததை எடுக்க முடியாது. தம்பியின் கணினியில் தேடுவதுதான் வழி. அழித்த பிறகு அதைப் பெரிதாகப் பாவிக்கவில்லை என்றால், அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கிடைக்க இடமுண்டு. அதுவரைக்கும் அந்தக் கணினியில் புதிதாக ஒன்றும் ஏற்றவேண்டாம் என்று சொல்லுங்கோ. கசெற்றுகளை எறியவில்லைத்தானே? அவைதான் உங்கட முதல். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்து, கசெற்றில் பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு திரும்ப ஏற்றுவியுங்கோ.

இனி அந்தப் பென்னைப் பற்றிச் சொல்கிறேன். உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபிச் சில்லு (சிப்). கணினி கேட்டால் "நான் 1 டிபி" என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதி, பளபளக்கிற உறை போட்டு விடுகிறார்கள். இடம் இருக்கும் வரைக்கும் ஒழுங்காகப் பதியும். இடம் முடிந்த பிறகு வருவதையும் வாங்கிக்கொண்டதாகக் காட்டும், வைத்திருக்காது. சில பென்கள் பழையதுக்கு மேலேயே எழுதிவிடும். பெயர்ப் பட்டியல் சில்லின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும். கிழமைக் கணக்கில் பிழை வெளியில் வராது. வரும்போது விற்றவர் அடுத்த கோயில் திருவிழாவில் நிற்பார்.

இந்த விசயத்தில் எனக்குக் கோபம் தணியவே இல்லை. 2009 ஐத் தாண்டி வந்த எங்கட வீடுகளில் பழைய அல்பம் முழுதாக இருக்கிற வீடு எத்தனை? இடம்பெயர்ந்த வழியில் விட்டது, மழையில் ஊறினது, பங்கர் மண்ணுக்குள் போனது போக மிஞ்சின நாலு படத்தையும் ஒரு கசெற்றையும்தான் இந்தச் சனம் பென்னில் போடுகிறது. இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் இதைக் கொண்டுவந்து விற்பது களவிலும் கூடாத வேலை. கடை விரிக்கிற பொடியனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவனுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுக்கிறவருக்குத் தெரியும். நானும் வவுனியாவில் ஒரு பஸ் நிலையக் கடையில் இப்படி 512 ஜிபிப் பென் வாங்கி, சின்னம்மாவின் அந்தியேட்டி வீடியோவைத் தொலைத்தவன். வெளிநாட்டில் இருந்து வரமுடியாத மகனுக்கு அனுப்பவென்று எடுத்த வீடியோ அது.

சோதிக்க வழி இருக்கிறது. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக் கணினிக்கும் எஃப்3. இரண்டும் இலவசம். பென் நிரம்பும் மட்டும் எழுதி, எழுதினதைத் திரும்ப வாசித்து, உண்மையான அளவைச் சொல்லும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் 64 ஜிபியை நிரப்பவே ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆகும் என்பதால் கடையில் வைத்துச் செய்ய முடியாது. ஆகவே பில்லில் "அளவு குறைந்தால் மாற்றித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கோ. எழுத மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதேங்கோ. வீட்டில் சோதித்து முடியும் வரை அதில் எதையும் போடாதேங்கோ. வாகனப் பென்னில் கிடப்பது எப்போதும் பிரதியாகவே இருக்கட்டும்.

கேள்வி: லொறிக்குச் செட் வாங்கிப் பூட்டினேன். போட்ட உடனேயே புகை. பெட்டியில் 12 வோல்ட் என்று இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
— லொறி உரிமையாளர், விசுவமடு

பதில்: கடைக்காரர் பக்கம்தான் நியாயம். உங்கட லொறியில் இரண்டு பற்றரி, 24 வோல்ட். தினமும் அதை ஓட்டுகிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்க அரை நிமிடம் போதும். "லொறிக்கு" என்று சொல்லியே வாங்கியிருந்தால் மட்டும் அவரோடு கதைக்க இடமுண்டு. அடுத்ததை 12/24 என்று போட்டிருக்கிறதாகப் பார்த்து வாங்குங்கோ, அல்லது 24 ஐ 12 ஆக்குகிற கொன்வேட்டர் ஒன்றை இடையில் பூட்டுங்கோ. ஒரு பற்றரியில் மட்டும் வயர் எடுத்துத் தருகிறேன் என்பார்கள். அப்படி எடுத்தால் இரண்டு பற்றரியும் சமமாக இறங்காமல் பழுதாகும்.

கேள்வி: ஜப்பான் ரீகண்டிஷன் காரில் பென் குத்த இடமே இல்லை. சிகரட் லைற்றர் ஓட்டையில் போடுகிற எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர் வாங்கி, அதில் பென்னைக் குத்தி 100 இல் வைத்தேன். கார் ரேடியோ 90 க்கு மேலே போகவில்லை.
— ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: ஜப்பானில் எஃப்எம் 76 இல் தொடங்கி 90 இல் முடியும், புதிய வண்டிகளில் 95 வரை. எங்கட நாட்டில் 87.5 இல் இருந்து 108 வரை. இரண்டும் சந்திக்கிற 87.5 க்கும் 90 க்கும் இடையில், ஒரு நிலையமும் பேசாத இடமாகப் பார்த்து ட்ரான்ஸ்மிற்றரையும் ரேடியோவையும் ஒரே இலக்கத்தில் வையுங்கோ. எங்கட நிலையங்களை ஜப்பான் ரேடியோவில் பிடிக்க வைக்கிற பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை ஏரியல் வயரில் பூட்டியிருந்தால் ரேடியோவில் வேறு இலக்கத்தில்தான் பிடிக்கும், தேடிப் பார்க்க வேணும். செட்டில் ஏயுஎக்ஸ் (AUX) என்ற, வெளியில் இருந்து சத்தம் கொடுக்கிற ஓட்டை இருந்தால் ஒரு கேபிளில் ஃபோனைக் கொடுங்கோ, சத்தம் இதைவிடத் துப்புரவாக இருக்கும்.

கேள்வி: செட் வாங்கி ஒரு மாதம். பென் குத்துகிற வாய் ஆடுகிறது, முட்டினால் பாட்டு நிற்கிறது. ஒரு வருட வாரண்டி என்றார்கள். இப்போது "நீங்கள் உடைத்தது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பில் இருக்கிறது.
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: நீளப் பென் பாவித்து முழங்கால் தட்டியிருந்தால் அவர் சொல்வது சரி. அப்படியில்லை என்றால் விடவேண்டாம். மறுத்த காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கோ. தராவிட்டால் பில் பிரதியோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கோ, தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கின நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேணும். ஒரு மாதம் போய்விட்டது, மினக்கெடாதேங்கோ. அடுத்த முறை நகக்கண் அளவில் வருகிற குட்டைப் பென் வாங்குங்கோ, பாவிக்காத நேரம் வாயை மூடி வையுங்கோ. எங்கட செம்மண் புழுதி உள்ளே போனாலும் இதே ஆட்டம்தான் வரும். பில்லைக் காருக்குள் வைத்திருந்தால் உடனே வெளியில் எடுத்துப் படம் பிடியுங்கோ. கடை மெசினில் அடிக்கிற அந்தத் தாளில் எழுத்து வெக்கைக்கு மங்கிப் போகும்.