தொழில் கேள்வி பதில்: எச்.ஆர். அறைத் தேத்தண்ணி

காமென்ட்ஸில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், தையல் மெசின் ஓட்டுகிறேன். சம்பளம் பற்றிக் கேட்டால் எச்.ஆர். (ஆளணிப் பிரிவு) சேர் தனியாகக் கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, "உங்கட விசயத்தை நான் பாக்கிறன், மற்றவைக்குச் சொல்லாதேங்கோ" என்கிறார். ஊழியர் சபையும் இருக்கிறது. பிறகு தொழிற்சங்கம் எதற்கு?
- வாசகி, விசுவமடு

தேத்தண்ணியைக் குடியுங்கள் தங்கச்சி. ஆனால் "மற்றவைக்குச் சொல்லாதேங்கோ" என்றாரே, விசயம் அதில்தான். உங்களுக்கு மட்டும் ஐந்நூறு ரூபா கூட்டுவது கம்பனிக்குச் சில்லறை. தையல் லைன் முழுக்கக் கேட்டால்தான் கணக்குப் பார்க்க வேண்டிவரும். நீங்கள் ஒருவர் வேலையை நிறுத்தினால் நாளைக்கே தர்மபுரத்துப் பிள்ளை ஒன்று உங்கள் கதிரையில் இருக்கும். லைனே நின்றால்? கொலர் தைக்கிறவர் கையை எடுத்தால் அடுத்த மெசினுக்குத் துண்டு வராது, செக்கிங் மேசை வெறுமையாகக் கிடக்கும், கப்பலுக்கு ஏற்றும் திகதி தள்ளிப்போகும். சேருக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஊழியர் சபை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ், சாப்பாடு, கழிப்பறை பற்றிப் பேச நல்ல இடம். சம்பளத்துக்குச் சங்கமும் கம்பனியும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் வேண்டும். ஏழு பேர் ஒப்பமிட்டால் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி சங்கம் பதிய விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏழு பேரோடு போனால் கம்பனி பேச வேண்டியதில்லை. யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்களில் 40 வீதமானோர் உறுப்பினராக இருந்தால், கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி பேச மறுக்க முடியாது. இழுபறி எல்லாம் இந்த நாற்பதில்தான். நான் தொழில் திணைக்களத்தில் இருந்த காலத்தில் கண்டது இது: பெயர்ப் பட்டியல் எச்.ஆர். மேசைக்குப் போன மறுநாளே ஆட்கள் விலகல் கடிதம் தருவார்கள். பட்டியலை நேரே தொழில் அலுவலகத்தில் காட்டுங்கள்.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், சங்கத்தில் சேராதவர்களுக்கும் அதற்குக் குறையாத நிபந்தனைகளை முதலாளி கொடுக்க வேண்டும். பயந்து ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளோடு கோபிக்காதீர்கள்.

உங்கள் பக்கம் பலருக்கு மலையகத்தில் சொந்தம் உண்டு, கேட்டுப் பாருங்கள். 2021இல் சம்பளச் சபை (குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் அரச சபை) மூலம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவானதும் தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. சம்பளம் கூடியது, சரி. மற்ற நிபந்தனைகளை உட்கார்ந்து பேச இருந்த மேசை போய்விட்டது.

வயலில் அறுவடை மெசின் வந்துவிட்டது. கூலியாட்கள் நாங்கள் சேர்ந்து கேட்டு என்ன பலன்?
- வாசகர், முழங்காவில்

அறுவடைக்குப் பெரிதாக இல்லை, தம்பி. மழை விடாமல் பெய்து மெசின் சேற்றில் புதைகிற கிழமையில் கேளுங்கள்.