வரிசை ஆருக்கு?

சேர், எங்கட ஊர் லைப்ரரி மெம்பர்மாரின்ட பேரை ஜாவால, பேரை வரிசைப்படுத்தி வைக்கிற ட்ரீமெப்புக்குள்ள போட்டிருக்கன். மூண்டாவது ஆளை எடுக்க கெட் (get) எண்ட கட்டளைக்குள்ள 2 எண்டு குடுத்தா எரர் அடிக்குது. லிஸ்ட் மாதிரி நம்பர் சொல்லி எடுக்க ஏலாதா? ஹேஷ்மெப்தான் வேகம் எண்டுறாங்க, அதுக்கு மாறவா? பேரெல்லாம் தமிழ்ல.
– அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாணவன்

தம்பி, ஏலாது. ட்ரீமெப் உள்ளுக்க ஒரு ரெட்-பிளக் மரம், அதாவது பேரை வரிசைப்படி கிளை கிளையாப் பிரிச்சு வைக்கிற அமைப்பு, கிளைக்குக் கீழ எத்தின பேர் எண்டு அது எண்ணி வைக்கிறதில்ல, மூண்டாவது ஆள் வேணுமெண்டா முதல் ஆளிலிருந்து நடந்துதான் போகணும். அடிக்கடி வேணுமெண்டா கீயெல்லாத்தையும், அதாவது நீ போட்ட பேரெல்லாத்தையும், நம்பர் சொல்லி எடுக்கக்கூடிய அரேலிஸ்ட்டுக்குக் கொப்பி பண்ணி வை. முதல் ஆள், கடைசி ஆள், இந்தப் பேருக்கு அடுத்த ஆள் எண்டு கேக்க ஃபர்ஸ்ட்கீ, லாஸ்ட்கீ, ஹையர்கீ கிடக்கு. வேகக் கதைய விடு. ஹேஷ்மெப்புக்கு வரிசையே இல்ல.

பேரெல்லாம் தமிழ்ல எண்டு கடைசில போற போக்கில எழுதியிருக்காய் பார், அதுக்குத்தான் இருந்து எழுதுறன்.

2005 தை மாசம், கல்லடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில முகாம். சுனாமில பிரிஞ்சுபோன ஆக்கள் எந்தெந்த முகாமில இருக்காங்க எண்டு லிஸ்ட் அடிச்சுச் சுவரில ஒட்டுற வேலை என்னட்ட. பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு, எக்செல்ல சோர்ட் அமத்தி, வடிவா வந்திட்டு எண்டு ஒட்டிட்டன். பாமினில நமக்கு அ எண்டு தெரியிறது மெஷினுக்கு இங்கிலிஷ் எம், க எண்டா எஃப், இ எண்டா வெறும் கமா. அதால முதல் தாளில இ, மறுகா உ, ந, க, ப, த, ம எல்லாம் தாண்டித்தான் அ. நாவலடிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா மகனைத் தேடி வந்தா, அ-ல தொடங்குற பேர், நிவாரண அட்டைய ஒரு கையில சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கை விரலை முதல் தாளின்ட தலையில வச்சா, அங்க இ, அதுக்குக் கீழ உ. அ-வே இல்ல, அப்ப பேரும் இல்ல எண்டு விரலை எடுத்திட்டா. பேர் அஞ்சாவது தாளில கிடந்தது. அடுத்த நாள் ஒரு பெடியன் கண்டு சொல்லுமட்டும், ஒரு ராத்திரி முழுக்க அவவுக்கு மகன் இல்ல.

வரிசைப்படுத்தின லிஸ்ட்டில பாதி பாதியாத் தேடுற பைனரி சேர்ச்சும் அந்த அம்மா செய்ததைத்தான் செய்யும். இருக்க வேண்டிய இடத்தில பாக்கும், அங்க இல்லாட்டி இல்ல எண்டு சொல்லும்.

எழுத்துக்கு ஒரு நம்பர் குடுக்கிற யூனிகோட் வந்திட்டு, இனிப் பிரச்சினை இல்ல எண்டு என்னட்டச் சொல்லாத. அதில ன வந்து ந-வுக்குப் பக்கத்தில, ப-வுக்கு முன்னால நிக்குது. நம்மட அரிச்சுவடி முடியிறதே ன-வில. க் எண்ட மெய் கௌ-வுக்கும் பிறகு போய் விழும். நீ ஒண்டும் சொல்லாமப் போட்ட ட்ரீமெப் அந்த நம்பர் வரிசையிலதான் வைக்கும். கம்பசில இவ்வளவு படிச்சிட்டு ஆனா ஆவன்னாவ மெஷின்ட தலையில போட்டிட்டுப் போறது என்ன பழக்கம்? உன்ட ஊரில வயசான ஆக்கள் வந்து அந்த லிஸ்ட்டில பேர் தேடுவாங்க எண்டு நினைச்சியா?

ஐசியூ (ICU) எண்ட புரோகிராம் லைப்ரரில, அரிச்சுவடிப்படி ஒப்பிடுற தமிழ் கொலேட்டர் கிடக்கு. ட்ரீமெப் செய்யக்குள்ளயே அதைக் கொம்பரேட்டரா, எது முன்னுக்கு எண்டு சொல்லுற ஆளாக் குடு, மறுகா அரேலிஸ்ட்டில பைனரி சேர்ச் அடிக்கக்குள்ளயும் அதையே குடு. மறந்தா எரர் வராது ராசா, இருக்கிற பேரை இல்ல எண்டு சொல்லிட்டுப் போயிடும்.

முதல்ல அன்பழகன், அப்பாத்துரை எண்டு ரெண்டு பேரை மட்டும் போட்டுப் பார். அப்பாத்துரை முன்னுக்கு வந்தா மிச்சப் பேரை ஏத்து.