மருத்துவராக விரும்பும் வெளிநாட்டு மாணவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் பள்ளி முடித்தவுடன் மருத்துவம் சேர்வது அரிது. முதலில் 4 ஆண்டு இளநிலைப் பட்டம், பின்னர் எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு, அதன் பிறகே 4 ஆண்டு எம்.டி. படிப்பு (அங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம் இதுவே). ‘ப்ரீ-மெட்’ என்பது தனிப் பட்டமன்று. உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற பாடங்களை ஆய்வகப் பயிற்சியுடன் முடித்து வைக்கும் ஆயத்தமே. சந்திப்பு நிலையம் வரை பயணச்சீட்டு எடுத்துச் சென்று, அடுத்த வண்டிக்கு மீண்டும் வரிசையில் நிற்பதைப் போன்றது இது.

அந்த இரண்டாம் வரிசைதான் வெளிநாட்டவருக்குக் கடினம். மாநில அரசின் நிதியில் இயங்கும் மருத்துவக் கல்லூரிகள் பல, தம் மாநிலத்துக்கு மருத்துவர்களை உருவாக்குவதையே கடமையாகக் கொண்டிருப்பதால், எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்போரின் விண்ணப்பத்தை ஏற்பதேயில்லை. ஹார்வர்ட், யேல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் ஏற்கின்றன. கூட்டாட்சி அரசின் கல்விக்கடனும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காது என்பதால், சில கல்லூரிகள் கட்டணத்தை முன்கூட்டியே வைப்பாகக் கேட்கின்றன. ஆகவே இளநிலைக்கு, தாராளமான உதவித்தொகையும், மருத்துவமனை அனுபவம் பெறும் வாய்ப்பும், பரிந்துரைக் கடிதம் எழுதுமளவுக்கு மாணவரை அறிந்த பேராசிரியர்களும் உள்ள இடத்தை நாட வேண்டும். இவற்றுள் உதவித்தொகையையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

மருத்துவக் கல்லூரி உள்ள பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்தால் அங்கேயே மருத்துவ இடம் உறுதி என்று பலர் நம்புகின்றனர்; பொதுவாக அப்படி எந்த உறுதியும் இல்லை, மருத்துவக் கல்லூரியே இல்லாத பிரின்ஸ்டனில் படித்தவர்களும் மருத்துவம் சேர்கின்றனர்.