வஞ்சிரம், குப்பைமேட்டுப் பருந்து, கிண்டியில் புலி: உணவுச் சங்கிலி பற்றி நீங்கள் கேட்டவை

போன ஞாயிறு பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்க வந்தவர்கள் கேட்டதில் பாதிக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன், மீதி இங்கே. அப்புறம் வந்து சேர்ந்தவையும் உண்டு. இருபது வருடம் கல்லூரியில் விலங்கியல் எடுத்தவள், அதனால் வகுப்பு வாடை கொஞ்சம் அடிக்கும்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா: பையன் பாடத்தில் "10 சதவீத விதி" வருகிறது. மீதி 90 எங்கே போகிறது என்று கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை மேடம்.

நல்ல கேள்வி, அவனைத் திட்டாதீர்கள். செடி முதல் படி, அதைத் தின்பது இரண்டாம் படி; ஒரு படியில் சேர்ந்த ஆற்றலில் சுமார் 10 சதவீதம்தான் அடுத்த படியின் உடம்பில் சேரும், அதுதான் அந்த விதி. ஒரு ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேய்ந்ததெல்லாம் கறியாகிவிடும் என்றால் ஆடு வளர்க்கிறவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள். முதலில் அது முழுச் செடியையும் தின்பதில்லை, வேரும் தடித்த தண்டும் மிஞ்சுகின்றன. தின்றதிலும் ஒரு பங்கு புழுக்கையாக வெளியே வந்துவிடுகிறது. உடம்பில் சேர்ந்ததில் பெரும்பகுதி ஓட, மூச்சு விட, உடம்புச் சூட்டைக் காக்கச் செலவாகி வெப்பமாகப் போய்விடும். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் சதை. புழுக்கையும் வேரும் வீணில்லை, மண்ணில் இருக்கிற புழுவுக்கும் பூஞ்சைக்கும் அதுதான் சாப்பாடு. வெப்பமாகப் போனது மட்டும் போனதுதான், எந்தச் செடியும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. சத்து சுற்றி வரும், ஆற்றல் சுற்றி வராது. அவன் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் ரேமண்ட் லிண்டமன், அமெரிக்காவில் மினசோட்டாவின் ஒரு சின்ன ஏரியில். கட்டுரையை முதலில் வேண்டாம் என்று திருப்பினார்கள். 1942-இல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை, முப்பது வயதுகூட ஆகவில்லை. 10 என்பது தோராயம்தான், இடத்துக்கு இடம் 5-ஆகவும் இருக்கும் 20-ஆகவும் இருக்கும். ஆனால் பரீட்சையில் 10 என்றே எழுதச் சொல்லுங்கள்.

ராயபுரம்: காசிமேட்டில் மத்தி மலிவு, வஞ்சிரம் கிட்டவே போக முடியவில்லை. இதற்கும் சங்கிலிக்கும் சம்பந்தம் உண்டா?

விலைக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எந்த மீனைத்தான் கிட்டப் போய்க் கேட்க முடிகிறது! ஆனால் அடியில் சங்கிலியும் இருக்கிறது. மத்தி கடலில் மிதக்கிற நுண்ணுயிர்களைத் தின்று வளர்வது. வஞ்சிரம் அந்த மத்தியையும் நெத்திலியையும் துரத்தித் தின்பது. அந்த 10 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் ஒரு கிலோ வஞ்சிரத்துக்கு 10 கிலோ சின்ன மீன், அதற்கு 100 கிலோ மிதவை உயிரிகள், அவற்றுக்கு அடியில் 1,000 கிலோ நுண்பாசி வேண்டும். எவ்வளவு வலை போட்டாலும் கடலில் வஞ்சிரம் மத்தி அளவுக்கு இருக்கவே முடியாது.

இன்னொன்று. மேலே போகப் போக ஆற்றல் குறைகிறது, பாதரசம் மட்டும் கூடுகிறது. உடம்பிலிருந்து எளிதில் வெளியேறாததால் ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே வரும். கர்ப்பிணிகளைப் பெரிய சுறாவைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு என்று வீட்டில் ஆரம்பித்தால் மாமியாரோடு சண்டைக்குப் போகாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

பெசன்ட் நகர்: 2019 ஆகஸ்டில் ராத்திரி அலை நீலமாக மின்னியதே, அது தாவரமா விலங்கா?

நாக்டிலூகா என்ற ஒரே செல் உயிரி. அது தானாக வெயிலை வைத்து உணவு செய்வதில்லை, நுண்பாசியையும் மீன் முட்டையையும் விழுங்குகிறது. பார்க்க அழகு, ஆனால் இரண்டாம் படியில் உட்கார்ந்திருக்கிற பெருந்தீனிக்காரன்.

பெருங்குடி: குப்பைமேட்டு மேலே இத்தனை பருந்து, நாய், உண்ணிக்கொக்கு. சுற்றிலும் செடியே இல்லாமல் இவை எப்படிப் பிழைக்கின்றன?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். செடி இருக்கிறது, பெருங்குடியில் இல்லை, அவ்வளவுதான். தஞ்சாவூர் வயலில் விழுந்த வெயில் அரிசியாகி, லாரி ஏறி, நம் வீட்டுக் குக்கருக்கு வந்து, மிஞ்சிய சோறாகக் குப்பை வண்டியில் அங்கே போய்ச் சேர்கிறது. அதில் ஈ முட்டையிடுகிறது, புழுவைக் கொக்கு கொத்துகிறது, எலியைப் பருந்து தூக்குகிறது. சென்னை முழுக்கவே இப்படித்தான், வாய் பெரிசு, இலை கொஞ்சம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. காட்டில் இரை குறைந்தால் வேட்டையாடுகிற விலங்கும் குறையும். இங்கே நாய்க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, சோறு தினமும் லாரியில் வருகிறது. வயிறு நிறைந்த நாய் பொழுதுபோக்குக்குப் பக்கத்திலிருக்கிற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இறங்கினாலே போதும், தரையில் கூடு வைத்த பறவைக்கு அந்த வருடம் குஞ்சு இல்லை.

சைதாப்பேட்டை, கல்லூரி மாணவர்: கிண்டி பூங்காவில் ஒரு புலியை விட்டால் மான் எண்ணிக்கை தானாகச் சரியாகிவிடாதா?

தம்பி, பூங்காவை ஒட்டியிருக்கிற ஐஐடி விடுதிப் பிள்ளைகளையும் கொஞ்சம் யோசியுங்கள்! புலி வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வருடத்துக்கு 50 விலங்கையாவது அடிக்கும். மந்தை குறையாமல் அதைத் தாங்க 500 விலங்காவது வேண்டும். (இதிலும் பத்தில் ஒரு பங்கு வருகிறது, ஆனால் இது வேறு கணக்கு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) பூங்காவின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே நரியோடு சரி.

சோழிங்கநல்லூர் அடுக்ககம்: வாராவாரம் கொசுப் புகை அடிக்கிறோம், கொசு குறையவில்லை, தட்டான்தான் காணோம்.

புகைக்குக் கொசு, தட்டான் என்ற பாகுபாடு தெரியாது. கொசு நம் வெயிலில் பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வந்துவிடும். தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் வளரவே ஒன்றிரண்டு மாதமாவது ஆகும், இனத்தைப் பொறுத்து அதற்கு மேலும். மேல்படியில் இருக்கிறவை எப்போதும் எண்ணிக்கையில் குறைவு, திரும்பி வருவதும் மெதுவாகத்தான். ஆக நீங்கள் கொசுவின் எதிரியைத்தான் வாராவாரம் ஒழிக்கிறீர்கள். மொட்டைமாடித் தொட்டி மூடியையும் ஏசி தண்ணீர் தேங்குகிற பக்கெட்டையும் முதலில் போய்ப் பாருங்கள். இரண்டு மாதம் புகையை நிறுத்திவிட்டு, தட்டான் வந்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.