கற்பனை நாவல்களில் நகைமுரண் மிக நன்றாக அமைந்த இடம் என்று எதைச் சொல்வீர்கள்?

ஹாரி பாட்டர் வரிசையில் 1998இல் வந்த இரண்டாவது நாவலைச் சொல்வேன். இன்னும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் மாயச் சண்டைப் பயிற்சி நடக்கிறது. ஹாரியின் எதிரியான டிராகோ மால்ஃபாய் மந்திரக்கோலிலிருந்து ஒரு கரும்பாம்பை வரவழைக்கிறான். அது ஜஸ்டின் என்ற மாணவனைக் கொத்தப் போகிறது. ஹாரி பாய்ந்து போய் அவனை விட்டுவிடும்படி பாம்பை அதட்டுகிறான். பாம்பும் அடங்கிவிடுகிறது. ஜஸ்டின் நிம்மதியடைந்திருப்பான் என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், அவன் முகத்தில் பயமும் ஆத்திரமும்தான்! ஹாரி பேசியது பாம்பு மொழி. அது அவனுக்கே தெரியாது. கூட்டத்துக்குக் கேட்டதெல்லாம் சீறல். பாம்பை அவன் ஏவிவிடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். பள்ளியை நிறுவியவர்களில் ஒருவரான சிலிதரினும் பாம்போடு பேசியவர். அவருடைய வாரிசுதான் மாணவர்களைத் தாக்குகிறான் என்று பள்ளியே நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஹாரி சொன்னது இன்னதென்று சாட்சி சொல்ல நம்மைத் தவிர ஆளில்லை. அந்தத் தவிப்போடுதான் அடுத்த பக்கங்களைப் படிக்கிறோம்.

மறுநாள் ஹாரி ஜஸ்டினிடம் விளக்கம் சொல்லத் தேடிப் போகிறான். கடைசியில் நடைவழியில் கல்லாய் விறைத்துக் கிடக்கும் ஜஸ்டினின் உடல்தான் காலில் தட்டுகிறது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் ஆகிவிடுகிறான்.

சரி, இதுவரை எந்த நல்ல கதைக்காரரும் எழுதக்கூடியதுதான். எனக்கு நெஞ்சில் தைத்தது அடுத்து வருவது. தலைமையாசிரியர் டம்பிள்டோரின் அறைக்குள், பள்ளியின் வனக்காவலரும் ஹாரியின் நண்பருமான ஹாக்ரிட் செத்த சேவலைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து, ஹாரி இதைச் செய்யவில்லை என்று மன்றாடுகிறார். முதல் வாசிப்பில் பாசக்கார மனிதர் பதறுகிறார் என்று கடந்துவிடுவோம். 50 வருடங்களுக்கு முன் இதே குற்றத்தைச் செய்யாமலே சுமந்து பள்ளியை விட்டு விரட்டப்பட்ட பையன் அவர்தான் என்பது பிறகுதான் தெரியவருகிறது. இரண்டாம் முறை படிக்கும்போது அந்த ஓட்டத்துக்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

அப்புறம் ஹாரி என்ன செய்கிறான்? டாம் ரிடில் என்ற பழைய மாணவனின் நாட்குறிப்பு காட்டும் காட்சியைப் பார்த்துவிட்டு, அன்று சிலிதரினின் ரகசிய அறையைத் திறந்து உள்ளிருந்த கொடிய விலங்கை வெளியே விட்டது ஹாக்ரிட்தான் என்று நம்பிவிடுகிறான். கண்ணால் பார்த்ததை வைத்துத் தன்னை ஊரே தவறாக நினைத்த வலி அவனுக்குத் தெரியும். அப்படியும் அவனும் கண்ணால் பார்த்ததையே நம்புகிறான். அவன் கெட்டவன் இல்லை, ஹாக்ரிட்மேல் உயிரையே வைத்திருப்பவன். ஹாரியை எப்போதும் சரியானவனாகவே வைத்துக் காப்பாற்றாத இந்தத் துணிச்சலுக்காகவே இந்த நாவலை மற்றவற்றைவிட உயர்வாக மதிக்கிறேன்.

உண்மைக் குற்றவாளியான ரிடில்தான் இந்த வரிசையின் பெரிய வில்லனான பிற்கால வோல்டமார்ட். கலப்பில்லாத மந்திர ரத்தம் வேண்டும் என்பவனின் அப்பா மந்திரமே அறியாத சாதாரண மனிதர். ஹாக்ரிட்டைக் காட்டிக்கொடுத்ததற்காகப் பள்ளி அவனுக்குச் சிறப்புச் சேவை விருது கொடுத்தது. தண்டனையாகக் கோப்பைகளைத் துடைக்க அனுப்பப்பட்ட ஹாரியின் நண்பன் ரான், மந்திரக் கோளாறால் ஓடில்லா நத்தைகளை வாந்தியெடுத்து நாசமாக்கியதும், பிறகு உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்ததும் அந்த விருதைத்தான்.